முகம் மட்டும் என்னுடையது

லோரிக்கா,
ஞாயிற்றுக்கிழமை

தங்கை நொஹேமிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் நம் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்ல மாட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும்.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்டு நான் பாதியில் வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ அழுதாலும் எனக்குக் கேட்காது. முழுவதையும் சொல்லி முடிக்கலாம்.

இங்கே மழை விடவில்லை. சினூ ஆறு சந்தைப் படிக்கட்டின் மேல்படி வரை ஏறிவிட்டது. பொகாசிக்கோ மீன் மலிந்து கிடக்கிறது, வறுத்து வறுத்து வீடே நாறுகிறது. உன் அத்தான் அர்கெமிரோவுக்கு முட்டிவலி அப்படியேதான். பிள்ளைகள் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். சின்னவள் மட்டும் உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கேலி செய்தார்கள். எதற்கு என்று உனக்குத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை நீ கேட்டே ஆக வேண்டும். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். பேருந்து நிலையத்தில் நான் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். மொந்தேரியா வண்டி ஓட்டுகிற உபால்தோ இருக்கிறானே, வாயை மூடத் தெரியாதவன், அவன் தலைநகர்ப் பத்திரிகையின் ஞாயிறு மலரை என் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு, "என்ன எடில்மா, இனிமே டிக்கெட்டோட உன் படமும் சேத்துக் குடுப்பீங்களா?" என்றான். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

என் முகம். என் மூக்கு, என் தடித்த புருவம், முன்நெற்றியில் ஏறிப்போன முடி. அதற்குக் கீழே துணியில்லாத மார்பு. ஒன்று இருந்தது, ஒன்று இல்லை. இல்லாத இடத்தில் கோணலான தையல் தழும்பு. இடுப்போடு படத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அடியில் வரைந்தவள் என்று உன் பெயர். படத்தின் பெயர் 'சுய உருவம்'.

பத்திரிகைக்காரனிடம் நீ பேசியதையும் படித்தேன். பெண்ணுக்கு அவள் உடம்புதான் முதல் நாடு, அதைப் பிறரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வரைகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். யாரிடமிருந்து எடுத்துக்கொண்டாய் நொஹேமி? என்னிடமிருந்தா? என்னிடம் ஏற்கெனவே ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள். மிச்சமிருந்ததை நீ எடுத்துக்கொண்டாயா?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ இங்கே வந்து தங்கினாய். கையைத் தூக்க முடியாமல் கிடந்த என்னைக் கொல்லைத் தொட்டியடியில் நிறுத்தி, குடுவையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாய். நாற்றம் பிடித்த கட்டை அவிழ்த்தாய், முகம் சுளிக்காமல் துடைத்தாய். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் உன் முன்னால் நான் துணியில்லாமல் நின்றது நீ என் தங்கை என்பதற்காக. நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டே அளவெடுத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரிந்திருந்தால், நாற்றத்தோடே கிடந்திருப்பேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அக்கா, உன்னை வரையட்டுமா என்று. மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் நீ கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கவுண்டரில் உட்காருவது நரகமாகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நான் இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரிவேன், உனக்குத் தெரியுமே. ஊர் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கிறவன் கண் என் முகத்தில் நிற்பதில்லை. ஓட்டுநர்கள் பீர் பந்தயம் கட்டினார்கள். "இடதுடா, படத்துல நல்லாப் பாரு" என்று ஒருவன். "அடப் போடா, ரெண்டும் இருக்கிற மாதிரிதானடா தெரியுது" என்று இன்னொருவன். எனக்குக் கேட்கும்படியாகத்தான் பேசினார்கள். எனக்கு வலதுபக்கம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீ தைத்துக்கொடுத்த துணிப்பையில் தினையை நிரப்பி உள்ளே வைத்துக்கொண்டுதானே வேலைக்குப் போகிறேன். பத்திரிகைக்காரன் அச்சில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒருவகையில் நல்லது என்றுகூட நினைத்தேன்.

இது போகட்டும். ஓட்டுநர்கள் நாளைக்கு வேறு ஒருத்தியைப் பிடிப்பார்கள். அர்கெமிரோவுக்கு நீ செய்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஊர் பார்த்துவிட்டதே என்ற அவமானம் என்று நினைத்து நானும் முறைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் நானே போய், என்ன, என் மேல் என்ன தப்பு என்று சண்டைக்கு நின்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலேருந்து நீ கதவைச் சாத்திக்கிட்டுத்தான் துணி மாத்துற. நானும் கேக்கல. உனக்கா மனசு வரட்டும்னு இருந்தேன். கடைசியில உபால்தோ கையில இருக்கிற பேப்பர்லயா நான் என் பொண்டாட்டியப் பாக்கணும்?"

உள்ளே வந்து கறி நறுக்குகிற சின்னக் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டினேன். உன் படத்தைக் கிழிப்பது என்று முடிவு செய்தேன். நிலையத்தில் வேலை பார்ப்பதற்கு ஒரு லாபம், எந்த வண்டியிலும் சும்மா ஏறிக்கொள்ளலாம். அர்கெமிரோவிடம் பல் வலிக்கிறது, மொந்தேரியா போய்வருகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் குளிருக்குப் போர்த்திக்கொள்ள தன் பழைய கம்பளிச் சட்டையை எடுத்து என் பையில் திணித்தார். புழுங்கித் தள்ளுகிற மொந்தேரியாவில் எதற்கடி கம்பளி?

பேருந்தில் ஒரு பகலும் ஓர் இரவும் குலுங்கி உன் தலைநகரத்தில் இறங்கினேன். எப்படித்தான் அந்த ஊரில் இருக்கிறாயோ, மூச்சு விட்டால் புகை வருகிறது. அருங்காட்சியக வாசலில் என் பையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு சீப்பு, பாதி மரவள்ளிக்கிழங்கு அடை, அர்கெமிரோவின் சட்டை. போகச் சொன்னார்கள். கத்தி எங்கே இருந்தது தெரியுமா? நீ தைத்த பையிலிருந்து தினையைக் கொட்டிவிட்டு, கத்தியைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்திருந்தேன். எனக்குத்தான் காலி இடம் இருக்கிறதே. அங்கே தொட்டுப் பார்க்க எந்தக் காவலாளிக்கும் துணிச்சல் வராது.

உன் படம் நான் நினைத்ததைவிடப் பெரியது. ஆள் உயரம். பளிச்சென்று விளக்குப் போட்டிருக்கிறார்கள். முன்னால் முத்துமாலை போட்ட இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், "தன் உடம்பையே இப்படிக் காட்டுறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும், பாத்தியா?" என்றாள். மற்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் உடம்பு, உன் தைரியம், அவள் கண்ணீர். எனக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை.

அவர்கள் போனதும் நான் கிட்டப் போனேன். கூடத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு சின்னப் பெண், சீருடை போட்டவள், ஓடிவந்தாள். "அம்மா, கோட்டைத் தாண்டாதீங்க. இது ஓவியரோட சொந்த உடம்பு. அவங்க தன்னையே வரைஞ்சது" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். நான் திரும்பி, "இது யார் மூஞ்சின்னு நல்லாப் பாருடி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். எங்கிருந்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, போய் அடுத்த கூடத்தின் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

யாரும் இல்லை. கையைச் சட்டைக்குள் விட்டுக் கத்தியைப் பிடித்துக்கொண்டேன். எங்கே தொடங்கலாம் என்றுதான் பார்த்தேன். அப்போதுதான் படத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

இடதுபக்கம். அச்சில் திருப்பவில்லை. நீ வரைந்ததே இடதுபக்கம்தான். எனக்கு இன்னும் கோபம் வந்தது. திருடியதுதான் திருடினாய், அதையாவது சரியாகத் திருடினாயா என்று. பிறகு வயிற்றைப் பார்த்தேன். வழவழவென்று ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பிள்ளைகளையும் எனக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அது என் வயிறு இல்லை. தொடையைப் பார்த்தேன். மேல்தொடையில் முக்கோணமாக ஒரு சூட்டுத் தழும்பு. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது இஸ்திரிப் பெட்டியைக் காலில் தள்ளிக்கொண்டாயே, அது. பாதம், கால்விரல், முட்டியின் எலும்பு எல்லாம் நீ.

முகம் மட்டும்தான் என்னுடையது. அந்த உடம்பு முழுக்க நீ.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருபது வருஷமாக நீ பெண்களை வரைகிறாய். சந்தையில் மீன் விற்கிறவளை வரைந்தாய், துணி வெளுக்கிறவளை வரைந்தாய், செத்துப்போன நம் அம்மாவை நினைவிலிருந்து வரைந்தாய். எல்லோரையும் துணியில்லாமல். உன்னை நீ ஒருமுறைகூட வரைந்ததில்லை. கேட்டால், என்னிடம் பார்க்க என்ன இருக்கிறது என்பாய். இப்போது முதல்முறையாக உன்னை வரைந்திருக்கிறாய். வரைந்தபோதே உன் இடது முலையை நீயே அறுத்துவிட்டாய். அதற்கு மேலே உன் முகத்தை வைக்கப் பயந்து என் முகத்தை வைத்தாய்.

தொட்டியடியில் நீ கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. முதுகைத் தேய்த்துக்கொண்டே, "அந்தக் கட்டி முதல்ல எப்படி இருந்துச்சுக்கா? தொட்டா நகருமா? வலிக்குமா?" என்று கேட்டாய். "வேகாத கொண்டைக்கடலை மாதிரி இருந்துச்சு. நகரல. வலிச்சிருந்தா முன்னாடியே போய்க் காட்டியிருப்பேனே" என்றேன். நீ தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாய். சோப்பு கண்ணில் எரிகிறது என்று நான் கத்திய பிறகுதான் மறுபடி ஊற்றினாய். ஓவியக்காரிக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசை என்று நான் மடச்சி நினைத்தேன். அது போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால். இப்போது அடுத்த மழைக்காலமும் பாதி போய்விட்டது.

நொஹேமி, அப்போதே உனக்கு இருந்ததா? எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கையால் உன்னுடையதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாயா?

அம்மா என்ன செய்தாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெத்சாபே என்றாலே ஊரே பயப்படுகிற பொம்பளை, ஒரு டாக்டர் முன்னால் சட்டைப் பொத்தானை அவிழ்க்க வெட்கப்பட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அது புண்ணாகி ஒழுகும்வரை நம்மிடம் மூச்சுவிடவில்லை. அவளுக்காவது எழுதப்படிக்கத் தெரியாது. தன் உடம்பைக் கண்ணாடியில் பார்ப்பதே பாவம் என்று வளர்ந்தவள். நீ யார்? பெண்ணின் உடம்பைப் பற்றி ஊர் ஊராகப் போய் மேடையில் பேசுகிறவள். ஆள் உயரப் படம் வரைந்து விளக்குப் போட்டுக் காட்டுகிறவள். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் வெட்கப்படாதே என்று சொல்லிவிட்டு, நீ மட்டும் அம்மாவின் துண்டையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வர்ணம் பூசிய துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் வீட்டுக்கு வந்தேன். உனக்கும் தெரியும். கட்டடக் காவல்காரக் கிழவர் மேலே போய்விட்டு வந்து, "மேடம் ஊர்ல இல்லன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பாவம், தொப்பியைக் கழற்றிக்கொண்டார். உன் ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தேன். அந்தக் குளிரில், தெருவில், உன் வயதான அக்கா நின்றுகொண்டிருந்தாள், நீ திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். கதவை உடைத்துக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் என் மார்பில் கத்தி இருந்தது, என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த வண்டியைப் பிடித்தேன்.

படத்தைக் கிழிக்கவில்லை. கலையின் மேல் வந்த மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதே. என்னுடையதாக இருந்திருந்தால் கந்தலாக்கியிருப்பேன். உன் உடம்பில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது டாக்டர்கள் செய்ய வேண்டிய வேலை.

ஊருக்கு வந்ததும் இரண்டு காரியம் செய்தேன். உபால்தோவின் வண்டி வந்து, கவுண்டர் முன்னால் கூட்டம் சேரும்வரை காத்திருந்தேன். பிறகு ஒலிபெருக்கியைத் திறந்து, "மொந்தேரியா போற பயணிகள் கவனத்துக்கு. இடதுன்னு பந்தயம் கட்டினவங்க எல்லாரும் தோத்துட்டீங்க. எனக்கு வலது. பீர் வாங்கிக் குடுக்க வேண்டியவங்க வாங்கிக் குடுத்துடுங்க. வண்டி புறப்படத் தயாரா இருக்கு" என்றேன். உபால்தோ டிக்கெட் கட்டை வாங்காமலே போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் பழக்கடை வைத்திருக்கும் ஒருத்தி கவுண்டருக்கு வந்து, டிக்கெட் எதுவும் கேட்காமல், குனிந்து, "எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டாள். அவளை அதே டாக்டரிடம் அனுப்பிவைத்திருக்கிறேன். அதற்கு வேண்டுமானால் உன் படத்துக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மட்டும்.

இரண்டாவது அர்கெமிரோ. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தார். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, அவர் முன்னால் நின்று சட்டையைக் கழற்றினேன். நல்ல வெளிச்சம். அவர் எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "உன் தங்கச்சிக்குத் தையல் போடவே தெரியல. நிஜத்துல இதவிட நல்லா இருக்கு" என்றார். தலையணையால் அடித்தேன். அடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். காட்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மொந்தேரியாவில் என்னைப் பார்த்த டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். உன் பெயரைச் சொல்லி அடுத்த வியாழக்கிழமை காலை இடம் வாங்கியிருக்கிறேன். தலைநகரத்தில் இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன என்பாய். இருக்கட்டும், நீ போகவில்லையே. அவர் கை சில்லென்று இருக்கும், அதைத் தவிரப் பயப்பட ஒன்றுமில்லை. படம் எடுப்பார்கள், ஊசியால் கொஞ்சம் சதை எடுப்பார்கள். நான் உன் வலதுபக்கம் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கண்டுபிடித்ததைவிட உனக்குச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் நினைத்தது தப்பாக இருந்தால், நீ சும்மா எதையோ வரைந்தாய், நான் கிறுக்குப் பிடித்து அலைகிறேன் என்றால், சந்தை நடுவில் நின்று உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். தப்பாக இருக்கட்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். என் வாழ்நாளில் நான் தோற்க ஆசைப்படுவது இது ஒன்றில்தான்.

படத்தை இறக்கச் சொல்லவில்லை. தொங்கட்டும். 'சுய உருவம்' என்ற பெயரையும் மாற்ற வேண்டாம். என் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு உன்னுடையதை வை. அதை நீ செய்யாதவரை நான் உன்னை ஓவியக்காரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், பத்திரிகைகள் என்ன எழுதினாலும் சரி.

செவ்வாய்க்கிழமை வண்டியில் நானே வருகிறேன், உன்னைக் கூட்டிக்கொண்டு போக. இந்தமுறை கத்தி இல்லை. ஊரில் இல்லை என்று அந்தக் கிழவரைச் சொல்லவைத்தால், படிக்கட்டில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லிக் கத்துவேன். என் குரல் உனக்குத் தெரியும்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். காப்பாற்றவில்லை என்றால் அவருக்கும் என்னிடம் திட்டு இருக்கிறது. உன் மேல் எனக்குள்ள கோபம் ஒரு கடிதத்தில் தீரக்கூடியது இல்லை, பத்து வருஷத்துக்குக் காணும். முழுவதையும் உன் முகத்துக்கு நேராகத் திட்டித் தீர்க்க வேண்டும். அதுவரை நீ எங்கேயும் போகக் கூடாது.

கொஞ்சமும் ஆறாத கோபத்துடன்,
உன் அக்கா
எடில்மா